ஒரு திறப்பு, பல கதவுகள்: அலுவலகக் கணினியில் உள்நுழைய முடியாதபோது என்ன செய்யலாம்?

கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பழுதுபார்ப்பது எனது தொழில். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு திங்கட்கிழமை காலை, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. அங்கு பணிபுரியும் தங்கை ஒருவர் பேசினார்.

"அண்ணா, ஒண்டுக்குள்ளயும் போகேலாமல் கிடக்கு. மெயிலும் இல்லை, ஃபைலும் இல்லை. அம்மா ஒராள் வந்து இருக்கிறா. நாளைக்கு அவவுக்கு விசாரணை."

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா சுவரோரக் கதிரையில் இருந்தார். 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஒரேயொரு படத்தை அவர் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்து காப்பாற்றியிருந்தார். பிறகு வந்த ஒரு மாரியில் அந்தப் படம் ஈரம்பட்டுக் கெட்டுப்போனது. அதற்கு முன்னரே அந்த அலுவலகத்தில் அதை ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். இப்போது எஞ்சியிருப்பது அந்தப் பிரதி மட்டுந்தான்.

"தம்பி, படம் அழிஞ்சு போகாதுதானே?" என்று அவர் கேட்டார்.

படம் அழியவில்லை. பூட்டிய அறைக்குள் பத்திரமாக இருந்தது. திறப்புத்தான் வேலை செய்யவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் சென்றது. அந்தக் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பல அலுவலகங்கள், சங்கங்கள், பாடசாலைகள் தமது கோப்புகளை இணையத்தில் வைக்கத் தொடங்கியிருக்கின்றன. அவற்றில் வேலை செய்பவர்களுக்கு, தொழில்நுட்பவியலாளர் வரும்வரை காத்திருக்காமல் தாமே பார்க்கக்கூடிய விடயங்களை இங்கே எழுதுகிறேன்.

ஒற்றை உள்நுழைவு என்றால் என்ன?

முன்பு மின்னஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல், கோப்புகளுக்கு ஒன்று, கணக்கு மென்பொருளுக்கு இன்னொன்று என்று வைத்திருந்தோம். இப்போது பல அலுவலகங்களில் காலையில் ஒரு தடவை கடவுச்சொல்லைக் கொடுத்தால் எல்லாம் திறக்கும். இதைத்தான் ஆங்கிலத்தில் சிங்கிள் சைன் ஒன் என்கிறார்கள். தமிழில் ஒற்றை உள்நுழைவு எனலாம்.

இது வேலை செய்யும் முறையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது இலகு. பாஸ் நடைமுறையை நாங்கள் அனுபவித்தவர்கள். ஓரிடத்தில் உங்கள் அடையாளத்தைப் பரிசோதித்து பாஸ் தருவார்கள். அடுத்தடுத்த இடங்களில் நிற்பவர்கள் உங்களை மீண்டும் விசாரிக்காமல் பாஸை மட்டும் பார்ப்பார்கள். அதை யார் வழங்கியது, யாருடைய பெயரில் இருக்கிறது, திகதி முடிந்துவிட்டதா என்பவைதான் கேள்விகள். ஒற்றை உள்நுழைவிலும் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஒரு சேவை இருக்கிறது. அது ரோக்கன் எனப்படும் இலத்திரனியல் பாஸ் ஒன்றைத் தருகிறது. மின்னஞ்சலும் கோப்புச் சேவையும் கணக்கு மென்பொருளும் அந்தப் பாஸை மட்டும் பார்க்கின்றன. உங்கள் கடவுச்சொல்லை அவை காண்பதேயில்லை.

இந்த எண்ணம் புதியதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான கெர்பரொஸ் என்ற முறை இன்றைக்கும் விண்டோஸ் அலுவலக வலையமைப்புகளில் இயங்குகிறது. இணையச் சேவைகளுக்கு 2005 இல் வந்த சாம்ல் 2.0, 2014 இல் வந்த ஓப்பன் ஐடி கனெக்ற் ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. பெயர்களை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. பாஸில் பிழைக்கக்கூடியவை நேரம், பெயர், முத்திரை, அனுமதி ஆகிய நான்குதான் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். பல தடவை பிழைத்தால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படும். அதன் பின்னர் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஏற்காது. ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும். கையை எடுத்துவிட்டு இவற்றைக் கேளுங்கள்.

ஒருவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? எல்லோருக்கும் என்றால் இணைய இணைப்பிலோ அடையாளச் சேவையிலோ பிழை. உங்கள் கணினியைத் தோண்டிப் பயனில்லை.

ஒரு மென்பொருளில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? மின்னஞ்சல் திறக்கிறது, கணக்கு மென்பொருள் மட்டும் திறக்கவில்லை என்றால் உங்கள் கடவுச்சொல் சரி. அந்த மென்பொருளின் பக்கம் பாருங்கள்.

இந்தக் கணினியில் மட்டுமா? அதே கணக்கை இன்னொரு கணினியிலோ, அதே கணினியில் உலாவியின் மறைநிலைச் சாளரத்திலோ திறந்து பாருங்கள். அங்கே வேலை செய்தால் உலாவியில் சேர்ந்திருக்கும் பழைய தகவல்கள்தான் காரணம். கைத்தொலைபேசியின் இணையத்தை கணினிக்குக் கொடுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. அதில் வேலை செய்தால் அலுவலக றவுட்டரைச் சந்தேகியுங்கள்.

நேரம் பிழைத்தால் பாஸும் பிழைக்கும்

எங்களில் பலருக்கு இரண்டு நேரங்களில் வாழ்ந்த நினைவு இருக்கும். 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் நாடு மீண்டும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, வன்னியில் இருந்து வவுனியாவுக்குப் போனால் கடிகாரத்தை அரை மணித்தியாலம் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

கணினிகளுக்கும் இதே சிக்கல்தான். விண்டோஸ் வலையமைப்பில் உங்கள் கணினியின் நேரத்துக்கும் சேவையகத்தின் நேரத்துக்கும் இடையில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரொஸ் பாஸ் சாதாரணமாக ஏற்கப்படாது. கணினியின் திகதி பல மாதங்கள் பின்னுக்குப் போனால் உலாவி பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி பக்கத்தையே திறக்காது. பழைய மேசைக் கணினிகளில் மின்சாரம் நின்று வந்த பிறகு திகதி பின்னுக்குப் போயிருந்தால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சி.ஆர். 2032 மின்கலம் தீர்ந்திருக்கிறது. அதை மாற்றுவது கடினமான வேலையல்ல.

இன்னொரு நுணுக்கம் உண்டு. கணினி உள்ளே உலகப் பொது நேரத்தில்தான் கணக்குப் பார்க்கிறது. நேர வலயம் வேறு நாட்டில் இருக்கும்போது திரையில் தெரியும் மணியை மட்டும் கையால் திருத்தினால், பார்வைக்கு நேரம் சரியாக இருக்கும், உள்ளே பிழையாக இருக்கும். ஆகவே முதலில் நேர வலயத்தை ஸ்ரீ ஜெயவர்த்தனபுர, 5.30 என்று அமைத்து, பிறகு இணையத்தில் இருந்து நேரத்தைத் தானாக எடுக்க விடுங்கள்.

அந்தத் திங்கட்கிழமைப் பிரச்சினையும் நேரந்தான். கணினியில் அல்ல, கைத்தொலைபேசியில். அந்தத் தங்கை விசுவமடுவில் இருந்து பஸ்ஸில் வருபவர். முதல் வாரம் பஸ்ஸைத் தவறவிட்டதால் தொலைபேசியின் மணியைப் பத்து நிமிடம் முன்னுக்கு வைத்திருந்தார். உள்நுழையும்போது கேட்கப்படும் ஆறு இலக்கக் குறியீட்டை அவரது தொலைபேசிச் செயலிதான் உருவாக்குகிறது. இந்தக் குறியீடு வழமையாக 30 விநாடிக்கு ஒரு தடவை, நேரத்தைக் கொண்டு கணிக்கப்படுகிறது. பத்து நிமிடம் முன்னுக்கு ஓடும் தொலைபேசி, இன்னும் வராத நேரத்துக்கான குறியீட்டைக் காட்டும். சேவையகம் அதை ஏற்காது. முதல் வாரம் முழுவதும் பழைய பாஸ் செல்லுபடியாக இருந்ததால் குறியீடு கேட்கப்படவில்லை. திங்களன்று பாஸ் முடிந்தது. அவர் திரும்பத் திரும்ப அடித்ததில் கணக்கும் பூட்டுப்பட்டது.

தொலைபேசியில் தானியங்கி நேரத்தை இயக்கினோம். பூட்டு தானாக விலகும்வரை காத்திருந்தோம். மதியத்துக்கு முன்னர் அந்த அம்மாவின் கையில் மகனின் படமும் ஆவணங்களும் அச்சில் இருந்தன. விடிய பஸ்ஸுக்கு நேரத்தோடு எழும்ப வேண்டுமென்றால் அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னுக்கு வையுங்கள். மணிக்கூட்டைத் தொடாதீர்கள்.

சுற்றிச் சுற்றி அதே பக்கம் வந்தால்

கடவுச்சொல்லைக் கொடுக்கிறீர்கள், பக்கம் மாறுகிறது, மீண்டும் அதே உள்நுழைவுப் பக்கத்துக்கே வருகிறீர்கள். பெரும்பாலும் இது குக்கி எனப்படும் சிறு பதிவுகளின் சிக்கல். முழு உலாவியையும் துடைக்க வேண்டியதில்லை. முகவரிப் பட்டியின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்குரிய தரவை மட்டும் அழியுங்கள். விளம்பரத் தடுப்புச் செருகுநிரல் இருந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

நான் அடிக்கடி காணும் இன்னொரு தவறு, உள்நுழைவுப் பக்கத்தையே புக்மார்க் செய்து வைப்பது. அந்த நீண்ட முகவரிக்குள் அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாகும் தகவல் இருக்கலாம். அடுத்த நாள் அதே முகவரி பிழைச் செய்தி தரும். உள்நுழைந்த பிறகு தெரியும் முதற்பக்கத்தையே சேமித்து வையுங்கள்.

ஒரே கணினியில் பலர்

எங்கள் அலுவலகங்களில் ஒரு கணினியை மூன்று நான்கு பேர் பாவிப்பது வழமை. இங்கே ஒற்றை உள்நுழைவு ஆபத்தானது. ஒரு மென்பொருளில் இருந்து வெளியேறினால் எல்லாவற்றிலும் இருந்து வெளியேறிவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. அந்த மென்பொருளின் கதவு மட்டும் சாத்தப்படுகிறது, பாஸ் மேசையிலேயே கிடக்கிறது. அடுத்து வருபவர் கடவுச்சொல் இல்லாமல் உங்கள் பெயரில் உள்ளே போகலாம். சாட்சியங்கள், காயமடைந்தவர்களின் மருத்துவ விபரங்கள், வெளிநாட்டில் உள்ள உறவினர்களின் முகவரிகள் உள்ள அலுவலகத்தில் இது சிறிய விடயமல்ல.

ஒவ்வொருவருக்கும் விண்டோஸில் தனிக் கணக்கு வைப்பதே சரியான வழி. முடியாவிட்டால், குறைந்தது உலாவியிலாவது ஆளுக்கொரு சுயவிபரத்தை வையுங்கள். எழும்பிப் போகும்போது விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் ஒன்றாக அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்.

சொந்த ஜிமெயிலும் அலுவலகக் கணக்கும் ஒரே உலாவியில் திறந்திருந்தால், "உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற செய்தி வரலாம். பிழையான பெயரில் பாஸ் போயிருக்கிறது. மேல் மூலையில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள்.

கடவுச்சொல்லை மாற்றிய பின்னர் வரும் தொல்லைகள்

கடவுச்சொல்லை மாற்றிய அடுத்த நாளில் இருந்து கணக்கு அடிக்கடி பூட்டுப்படுகிறதா? வீட்டில் உள்ள தொலைபேசியோ பழைய மடிக்கணினியோ பழைய கடவுச்சொல்லை இன்னமும் அனுப்பிக்கொண்டிருக்கலாம். எல்லாக் கருவிகளிலும் புதியதைக் கொடுங்கள். விண்டோஸின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் கிரெடென்ஷியல் மனேஜர் என்ற பகுதியில் பழையது சேமிக்கப்பட்டிருந்தால் நீக்குங்கள்.

அலுவலகச் சேவையகத்துடன் இணைக்கப்பட்ட மடிக்கணினி, வெளியில் இருக்கும்போது பழைய கடவுச்சொல்லையே ஏற்கலாம். அது கணினியில் சேமித்து வைத்த பிரதியைக் கொண்டு உங்களை விடுகிறது. அலுவலக வலையமைப்பில் இணைந்த பிறகு திரையைப் பூட்டி, புதிய கடவுச்சொல்லால் திறந்தால் புதிய பாஸ் கிடைக்கும்.

விசைப்பலகையையும் பாருங்கள். பாமினியில் தட்டச்சு செய்தால் பிரச்சினை இல்லை. அது எழுத்துரு மட்டுந்தான், உள்ளே போவது ஆங்கில எழுத்துகள். ஆனால் யுனிகோட் தமிழ் விசைப்பலகை இயங்கும் நிலையில் இருந்தால் கடவுச்சொல் கட்டத்துக்குள் வேறு எழுத்துகள் விழலாம். புள்ளிகள் மட்டும் தெரிவதால் நீங்கள் அறியமாட்டீர்கள். கண் சின்னத்தை அழுத்தி என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பின்னால் யாரும் நிற்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்தும் அனுமதி இல்லையென்றால்

அடையாளம் உறுதியாவது ஒன்று, அனுமதி கிடைப்பது வேறொன்று. மைக்ரோசொஃப்ட் சேவைகளில் 50105 என்று முடியும் பிழை இலக்கம் வந்தால், உங்களை யாரென்று தெரிகிறது, ஆனால் அந்த மென்பொருளுக்கு உங்களை யாரும் சேர்க்கவில்லை என்று பொருள். நிர்வாகிதான் சேர்க்க வேண்டும். 50011 என்று முடிந்தால், பாஸ் திருப்பி அனுப்பப்பட வேண்டிய முகவரி பிழையாகப் பதிவாகியிருக்கிறது. அதுவும் நிர்வாகியின் வேலை.

பெயர்ப் பிழையும் இங்கே வரும். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், முகாமில் கொடுத்த பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுதியதால் பட்ட அலைச்சல் எங்களுக்குத் தெரியும். அடையாளச் சேவையில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கும் மென்பொருளில் பதிவான முகவரிக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் அது உங்களை வேறு ஆளாகவே பார்க்கும். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது முகவரியைப் பார்த்து அடிக்காமல் கொப்பி செய்து ஒட்டுங்கள்.

எல்லோருக்கும் ஒரே காலையில் நின்றால்

நேற்றுவரை வேலை செய்த ஒரு மென்பொருள் இன்று ஒருவருக்கும் திறக்கவில்லை என்றால், பாஸில் குத்தும் முத்திரை காலாவதியாகியிருக்கலாம். சாம்ல் முறையில் பாஸ் ஒரு சான்றிதழால் கையொப்பமிடப்படுகிறது. மைக்ரோசொஃப்ட் என்ட்ராவில் அது வழமையாக மூன்று வருடங்களுக்குச் செல்லுபடியாகும். மூன்று வருடத்துக்கு முன்னர் அமைத்துவிட்டுப் போனவரை இன்று தேட முடியாமல் இருக்கும். அமைக்கும் அன்றே முடிவுத் திகதியை அலுவலக நாட்காட்டியில், ஒரு மாதம் முன்னதாகக் குறித்து வையுங்கள்.

தொலைபேசி தொலைந்தால்

இடம்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களும் ஒரு பையை மட்டும் விடவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இருந்த பை. கூகுள் கணக்கில் பத்து மாற்றுக் குறியீடுகளை எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வேலை செய்யும். அவற்றைக் கடதாசியில் அச்சிட்டு அந்தப் பைக்குள் வைக்க வேண்டிய பொருளாக நினையுங்கள். கணினியின் முகப்பில் ஒட்டாதீர்கள். மைக்ரோசொஃப்ட் அலுவலகக் கணக்கில் இரண்டாவது தொலைபேசியையோ இன்னொரு சரிபார்ப்பு வழியையோ முன்கூட்டியே பதிந்து வையுங்கள். சிம் இலக்கத்தை மாற்றுபவர்கள், பழைய சிம் கையில் இருக்கும்போதே புதிய இலக்கத்தைப் பதிய வேண்டும்.

ஒருவரிடம் மட்டும் திறப்பு இருக்கக் கூடாது

அந்த அலுவலகத்தில் என்னைப் பயப்படுத்தியது மணிக்கூடு அல்ல. கணக்கின் பூட்டை எடுத்துவிடும் அதிகாரம் ஒரேயொருவரிடம் இருந்தது. அவர் வெளிநாடு போய் மாதங்களாகிவிட்டன. பூட்டு தானாக விலகியிருக்காவிட்டால், நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கோப்புகளுக்கு அவரது ஒரு தொலைபேசியைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்திருக்கும்.

அவசரகால நிர்வாகக் கணக்குகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் நிறுவனமே பரிந்துரைக்கிறது. அன்றாட வேலைக்கு அவற்றைப் பாவிக்கக் கூடாது. அவற்றின் விபரங்களை உறையிலிட்டு ஒட்டி, பொறுப்பான இருவர் வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே அவரது கணக்கை நிறுத்துங்கள். முக்கியமான கோப்புகளின் பிரதி ஒன்று, கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட வெளி வன்தட்டிலும் இருக்கட்டும்.

யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்

ஒரு கடவுச்சொல் எல்லாக் கதவையும் திறக்கும் என்றால், அதைத் திருடுபவருக்கும் எல்லாம் திறக்கும். "கணினிப் பிரிவில் இருந்து கதைக்கிறம், தொலைபேசிக்கு வந்த குறியீட்டைச் சொல்லுங்கோ" என்று யாராவது கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். நான் உட்பட எந்தத் தொழில்நுட்பவியலாளருக்கும் அது தேவையில்லை. நீங்கள் உள்நுழைய முயலாதபோது "அனுமதிக்கவா?" என்று தொலைபேசி கேட்டால் மறுத்துவிட்டு, கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள்.

உதவி கேட்கும்போது

"வேலை செய்யேல்லை" என்று மட்டும் சொல்லாமல் நான்கு விடயங்களைக் குறித்துக்கொண்டு அழையுங்கள்: எத்தனை மணிக்கு நடந்தது, எந்த மென்பொருள், எந்தக் கணக்கு, திரையில் வந்த பிழை இலக்கம் என்ன. திரையைப் படமெடுத்து அனுப்பலாம். ஆனால் பின்னால் திறந்திருக்கும் கோப்புகளில் யாருடைய பெயரும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று அந்த அம்மா போகும்போது படத்தின் இரண்டு பிரதிகளைக் கேட்டார். ஒன்று விசாரணைக்கு, ஒன்று வீட்டுக்கு. நாங்கள் மூன்றாவதையும் அச்சிட்டு ஓர் உறையிலிட்டுக் கொடுத்தோம். "இதை வேற ஒராளின்ர வீட்டில வையுங்கோ அம்மா" என்றேன். அவர் அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போனார்.